படம் நகர்ந்தது, குறி நகரவில்லை

வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள், எதேச்சையாகக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய மாமனார் தாழ்வான சோபாவில் புதைந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நாளைக்கு முன்னால்தான் அவருக்கு இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்திருந்தார்கள். நேற்று மாலைதான் வீட்டுக்கு வந்திருந்தார்.

"மாமா! அசையாதீங்க!" என்று கத்திவிட்டாள். கையிலிருந்த பை கீழே விழுந்தது.

அவர் தம்ளரை வாயருகே பிடித்தபடி அப்படியே உறைந்துபோனார். அவள் ஓடிப்போய் மேலே கிடந்த காலை இரண்டு கையாலும் ஏந்தி மெல்ல இறக்கினாள். அவரைப் பின்னால் சாயவிட்டு, காலை நீட்டவைத்து, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி உயரமான நாற்காலிக்கு மாற்றினாள். அதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

"இடுப்புல ஏதாவது சுருக்குன்னு இழுத்துச்சா? வலிக்குதா?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் உட்கார்ந்திருந்தேன். நீதான் பயமுறுத்திட்டே."

"கால்மேல கால் போடவே கூடாதுன்னு சொல்லி அனுப்பினாங்களா இல்லையா?"

"மயக்கத்துல என்னென்னவோ சொன்னாங்க. அதான் தாள் குடுத்தாங்களே. தாள்ல எப்படி இருக்கோ அப்படித்தான் செய்யறேன்." அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். "முப்பத்தஞ்சு வருஷம் ரயில்ல கார்டா இருந்தவன் நான். பச்சைன்னா போவேன், சிவப்புன்னா நிப்பேன். இதுல டிக் போட்டிருக்கு, போனேன். அவ்வளவுதான்."

அவள் தாளை விரித்தாள். அது அவளே, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டுக்காக, இரண்டு மாதத்துக்கு முன்னால் உட்கார்ந்து தயாரித்த தாள். ஆறு படங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. செய்யக்கூடாதவற்றின் மேல் ஒரு பெரிய இன்டு, செய்யவேண்டியவற்றின் மேல் ஒரு டிக். தாழ்வான சோபாவுக்கு இன்டு, உயரமான நாற்காலிக்கு டிக். கால்மேல் கால் போட்டால் இன்டு, காலுக்கு நடுவே தலையணை வைத்துப் படுத்தால் டிக். கீழே விழுந்ததைக் குனிந்து எடுத்தால் இன்டு, நீளக் கைப்பிடி இடுக்கியால் எடுத்தால் டிக்.

இந்தத் தாளில் எல்லாமே தலைகீழாக இருந்தது. சோபாவில் புதைந்திருந்த மனிதன் மேல் டிக். உயரமான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவன் மேல் இன்டு. கால்மேல் கால் போட்டவனுக்கு டிக். குனிபவனுக்கும் டிக். இடுக்கி வைத்திருந்தவன் எந்தக் குறியும் இல்லாமல் அநாதையாகக் கடைசியில் நின்றிருந்தான்.

மேலே ஆஸ்பத்திரியின் பெயரும் விலாசமும் தவிரத் தாளில் எழுத்து என்று ஒன்றுகூட இல்லை. அதுவும் அவள் முடிவுதான். வலியோடு வீட்டுக்குப் போகிறவர்கள் எதையும் படிக்கமாட்டார்கள், கண்ணாடி தேடமாட்டார்கள், படம் போதும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். பெரிய டாக்டர்கூடப் பாராட்டியிருந்தார்.

"நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீங்க மாமா. இந்தத் தாளை மறந்துடுங்க. அவரை எழுப்பி உங்க பக்கத்துல உட்கார வெச்சுட்டுப் போறேன்" என்றாள். தூக்கத்தில் இருந்த கணவனை உலுக்கி எழுப்பி நாலே வரியில் சொன்னாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான். "இல்ல. ஆனா இந்தத் தாள் அவருக்கு மட்டும் போகலை" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள்.

பேருந்தில் உட்கார இடம் இருந்தும் அவளால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு யார் யார் இந்த வாரம் வீட்டுக்குப் போனார்கள் என்று விரல்விட்டு எண்ணினாள். ஐந்தாவது விரலுக்கு வந்ததும் லாரி டிரைவர் ஞாபகம் வந்தார்.

டிரைவர் திங்கட்கிழமை வீட்டுக்குப் போனவர். நேற்றுக் காலை திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். மூட்டு குழியை விட்டு நழுவியிருந்தது. மயக்க மருந்து கொடுத்து இழுத்து உள்ளே தள்ளி, கால்களுக்கு நடுவே முக்கோணத் தலையணை கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். நடைப் பயிற்சி கொடுத்தவள் என்ற உரிமையில் அவளும் போய் நாலு வார்த்தை கேட்டாள்.

"ஏன் அண்ணே, இவ்வளவு தூரம் சொல்லியும் குனிவீங்களா? சின்னப் புள்ளையா நீங்க? நாங்க பட்ட பாடெல்லாம் வீணாப்போச்சே!"

அப்போது அவருடைய மனைவியும் பக்கத்தில் நின்று, "நல்லாக் கேளுங்க டீச்சர். நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டாரு" என்று ஒத்து ஊதினாள். டிரைவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று தோன்றியது. இறங்கிய பிறகுதான் அது முட்டாள்தனம் என்று புரிந்தது. அரை ஓட்டமாகப் போனாள்.

எலும்பு வார்டின் அலுவலக அறை ஒரு அலமாரியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. உள்ளே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், டைப்பிஸ்ட் அக்கா. பிரிண்டருக்கு அங்கே இடம் இல்லாததால் நடைபாதைக் கோடியில், தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அந்த வார்டில் அவள் உத்தியோகப் பெயரை யாரும் சொல்வதில்லை. நோயாளிகளை நடக்கப் பழக்குவதால் எல்லோருக்கும் அவள் 'நடை டீச்சர்'தான்.

"அக்கா, என் படத் தாளைத் திறங்க. சீக்கிரம்."

டைப்பிஸ்ட் அக்கா கைப்பையைக்கூட இறக்கிவைக்கவில்லை. நின்றபடியே திறந்தாள். திரையில் தாள் பளிச்சென்று வந்தது. சோபாவுக்கு இன்டு. நாற்காலிக்கு டிக். எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன.

"சரியாத்தானே இருக்கு?" என்றாள் அக்கா.

நடை டீச்சர் மாமனாரின் தாளை மேஜையில் விரித்தாள். அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கைப்பையை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"ஐயோ. நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடலம்மா. திறப்பேன், பிரிண்ட் தட்டுவேன், மூடுவேன். 'சேமிக்கவா'ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவேன். தப்பித்தவறி எதுவும் மாறிடக்கூடாதுன்னு நீதானே சொல்லிவெச்சே?"

"உங்களை யாரு குத்தம் சொன்னா? இப்ப ஒண்ணு பிரிண்ட் பண்ணுங்க."

அக்கா தட்டினாள், பழக்கதோஷத்தில் கையோடு மூடினாள், இருவரும் நடைபாதைக்கு ஓடினார்கள். தாள் சூடாக வெளியே வந்தது. தலைகீழ்.

கம்ப்யூட்டர் பிரிவு ஆளைக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். எந்தக் கோளாறைச் சொன்னாலும் முதலில் "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேட்பதால் அவருக்கு ஆஸ்பத்திரி முழுக்க 'ரீஸ்டார்ட்' என்றே பெயர். அவருக்கும் அது தெரியும். உள்ளே வந்து தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், வாயைத் திறந்தார்.

"பண்ணியாச்சு சார்" என்றாள் அக்கா.

ஆனாலும் அவர் இன்னொரு தடவை செய்தார். கம்ப்யூட்டர் எழுந்து வரும்வரை நடை டீச்சர் அந்த நாலடி அறைக்குள் திரும்பித் திரும்பி நடந்தாள். "கொஞ்சம் ஒரு இடத்துல நில்லும்மா, எனக்குத் தலை சுத்துது" என்றாள் அக்கா.

ரீஸ்டார்ட் தாளின் அளவைச் சோதித்தார். சரியாக இருந்தது. மை மிச்சம் பிடிக்க மங்கலாக அடிக்கும்படி ஏதாவது அமைத்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பிரிண்டரின் மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார். இருபது நிமிடம் போனது. திரும்பவும் தலைகீழ்.

"பிரிண்டர் கோளாறுதான்" என்றார். "மருந்தகத்து பிரிண்டர்ல அடிச்சுப் பார்ப்போம்."

மாடிப்படி இறங்கி மருந்தகத்துக்கு ஓடினார்கள். அங்கே அடித்த தாளும் அச்சு அசலாக அதே தப்போடு வந்தது. ரீஸ்டார்ட் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பிரிண்டரும் சொல்லிவெச்ச மாதிரி ஒரே பொய்யைச் சொல்லுதுன்னா, பொய் பிரிண்டர்ல இல்ல. கோப்புலதான் இருக்கு."

"கோப்பு சரியா இருக்கே சார்! கண்ணால பார்க்கறோமே!"

"அதான் எனக்கும் புரியலை."

மணி பத்தாகிவிட்டது. இவர்கள் ஆராய்ந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில் யாரோ ஒருவர் டிக் போட்டிருக்கிறதே என்று நம்பிக் குனிந்துகொண்டிருக்கலாம். காரணம் கிடைக்கட்டும் என்று காத்திருக்க அவளால் முடியவில்லை. அக்காவிடம் வீட்டுக்குப் போனவர்களின் பதிவேட்டை வாங்கி அங்கேயே போன் போட ஆரம்பித்தாள்.

போன வெள்ளிக்கிழமை போனவர்கள் இரண்டு பேர். தாளை எடுத்துப் பார்க்கச் சொன்னாள். இருவரிடமும் சரியான தாள் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து போனவர்கள் மொத்தம் ஏழு பேர். மாமனாரும் டிரைவரும் போக ஐந்து. இரண்டு பேர் தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து சோம்பேறித்தனத்தை இவ்வளவு மெச்சியதில்லை அவள். ஒரு தையல்காரம்மா, "நான் சோபாவுக்கு எங்க போறது, என் வீட்டுல இருக்கறதே ஒரு நாற்காலி" என்று சிரித்தாள். ஒருவர் மூன்று ராத்திரியாகத் தலையணை இல்லாமல் படுத்திருந்தார். வலி இல்லை என்றார். நாளைக் காலை வரச்சொன்னாள்.

ஐந்தாவது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சும்மா. வலிக்குதே, இதுக்குப் போய் டிக் போட்டிருக்காங்களேன்னு. ஆனா ஆஸ்பத்திரி தாள் ஆச்சே, நாம யாரு சொல்றதுக்குன்னு விட்டுட்டேன்."

அந்த வார்த்தை அவளைத் தைத்தது. "இனிமே வலிச்சா அந்த இடத்துலயே நிறுத்திடுங்கம்மா. எந்தத் தாள் என்ன சொன்னாலும்" என்று சொல்லி போனை வைத்தாள்.

திங்கட்கிழமைக்கு முன் சரி, திங்கட்கிழமையிலிருந்து தப்பு. அதை ரீஸ்டார்ட்டிடம் சொல்லத் திரும்பினால் அவர் அங்கே இல்லை. நடைபாதைக் கோடியில் பிரிண்டரின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தார். "ஒண்ணு அனுப்பும்மா!" என்று அங்கிருந்தே கத்தினார். அக்கா மருந்துச் சீட்டு கொடுக்கப் போயிருந்தாள். நடை டீச்சரே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து கோப்பைத் திறந்து பிரிண்ட் தட்டினாள். அக்காவைப் போல் உடனே மூடத் தோன்றவில்லை. திரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கண்ணெதிரே படங்கள் ஆறும் ஒரு படி கீழே இறங்கின.

அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். குறிகள் ஆணியடித்ததுபோல் அவை இருந்த இடத்திலேயே நின்றன. படங்கள் மட்டும் இறங்கியிருந்தன. மேலே ஆஸ்பத்திரியின் பெயரும் விலாசமும் இருந்த இடம் திடீரென்று மூன்று விரல் அளவுக்கு வீங்கி, சக்கரம் போட்ட ஒரு பெரிய சின்னம் வந்து உட்கார்ந்திருந்தது.

"சார்! பிரிண்டரை விடுங்க! இங்க வாங்க!"

ரீஸ்டார்ட் வந்து பார்த்தார். கோப்பை மூடி மறுபடி திறந்தார். பழைய சிறிய விலாசம், சரியான குறிகள். பிரிண்ட் தட்டினார். சின்னம் வந்தது, படங்கள் இறங்கின. மூன்றாவது தடவை செய்து பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இது என் கைவேலைதான்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "விலாசம் மாறினா ஒவ்வொரு கோப்பா திருத்திக்கிட்டு இருக்க முடியுமான்னு, விலாசத்தை ஒரே இடத்துல வெச்சு எல்லாக் கோப்பும் அங்கிருந்து எடுத்துக்கற மாதிரி நான்தான் செஞ்சேன். பிரிண்ட் பண்ற நேரத்துல புதுசு என்னன்னு பார்த்து எடுத்துக்கும். ரெண்டு வருஷமா ஒரு தொல்லையும் இல்ல. சனிக்கிழமை நிர்வாகத்துல புதுச் சின்னம் போட்டாங்க. அது இவ்வளவு பெரிசுன்னு யாரு கண்டா?"

"குறி ஏன் இறங்கலை?"

"படமெல்லாம் வரியோட வரியா இருக்கு. மேல இடிச்சா கீழ இறங்கும். குறியை நீங்க தனியா வரைஞ்சு மேல வெச்சிருக்கீங்க. அது பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. படத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

முதல் இன்டு எங்கே போனது என்று அப்போதுதான் அவள் தேடினாள். அது சின்னத்துச் சக்கரத்தின் நடுவில், ஆரக்கால்களோடு ஆரக்காலாகக் கலந்து நின்றிருந்தது. நாலு நாளாக அத்தனை பேரும் அதைச் சின்னத்தின் ஒரு பாகம் என்றே நினைத்திருக்கிறார்கள். அக்கா திரும்பி வந்து அதைப் பார்த்துவிட்டு, "நிர்வாகத்துக்கே இன்டு போட்டுட்டோமா!" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். மற்ற இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

சரிசெய்யக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு குறியையும் அதன் படத்தோடு சேர்த்து ஒரே படமாக்கினார்கள். விலாசத்தின் இணைப்பைத் துண்டித்தார்கள். அவள் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் கொட்டை எழுத்தில் ஒரு வரி அடித்தாள். 'குனியாதீர்கள்.' 'தலையணை வேண்டும்.' அடித்த தாளை விரல்வைத்து ஒன்றொன்றாகப் படித்துச் சரிபார்த்தாள். பிறகு பெரிய டாக்டரைப் பார்க்கப் போனாள்.

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஏழு பேருக்கும் அன்றே புதுத் தாள் போகவேண்டும் என்றார். அதோடு முடிந்தது என்பதுபோல் பேனாவை எடுத்தார்.

"டிரைவர் கிட்ட நான் சொல்லணும் சார்."

டாக்டர் பேனாவை வைத்தார். "என்னன்னு சொல்லுவே? மூட்டு நழுவறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. தசை பலம் இல்லாம இருக்கலாம், எடை இருக்கலாம். தாளாலதான்னு யாரால நிரூபிக்க முடியும்? நீயா போய் வாயைக் கொடுத்து மாட்டிக்காதே. விசாரணை, அது இதுன்னு வந்தா உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க."

"நேத்து நான் அவரைத் திட்டினேன் சார்."

"எல்லாரும்தான் திட்டினோம்" என்றார் டாக்டர். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் வார்டுக்குத் திரும்பினாள். மூன்று நோயாளிகளை நடக்கவைத்தாள். ஒருவருக்குப் படி ஏறச் சொல்லிக்கொடுக்கும்போது எந்தக் கால் முதலில் என்று அவளுக்கே மறந்துபோய் நின்றாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாள். டிரைவரின் படுக்கை கோடியில் ஜன்னலோரம். அந்தப் பக்கம் போகாமல் சுற்றிச் சுற்றி வந்ததில் ஒரே வேலைக்கு நாலு தடவை நடந்திருப்பாள். கடைசியில் இரண்டு மணி வாக்கில், தைரியம் வந்ததனால் அல்ல, இப்படியே இன்னும் ஒரு மணி நேரம் அலைய முடியாது என்பதனால் போனாள்.

டிரைவர் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடை டீச்சரைக் கண்டதும் டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, உங்களைத் திட்ட வரலை" என்றாள். இரண்டு தாள்களையும் போர்வைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "உங்களுக்குக் குடுத்தது இது. குடுத்திருக்க வேண்டியது இது. நாங்கதான் தப்பா அடிச்சிருக்கோம். நீங்க தாள்ல இருந்தபடிதான் செஞ்சீங்க. தப்பு உங்க மேல இல்ல."

டிரைவர் கண்ணைத் திறந்தார். தாள்களைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கையில இடுக்கி இருந்துச்சு டீச்சர்" என்றார் மெதுவாக. "ரிமோட் கீழ விழுந்துச்சு. எது சரின்னு தாளை எடுத்துப் பார்த்தேன். குனியறதுக்கு டிக் இருந்துச்சு. இடுக்கிக்கு ஒண்ணுமே இல்ல. அதனாலதான் இடுக்கியை வெச்சுட்டுக் குனிஞ்சேன்."

"நேத்தே ஏன் அண்ணே சொல்லலை?"

"எல்லாரும் படிச்சவங்க. நாலு பேரு சேர்ந்து என் தப்புன்னு சொன்னப்ப, எனக்குத்தான் படம் பார்க்கத் தெரியலையோன்னு நினைச்சுட்டேன்."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள், முதலில் வந்தது அழுகைதான். டிரைவர் சங்கடப்பட்டுத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "இவ கிட்ட இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர். நேத்திலேருந்து என்னைப் பிடிச்சு உலுக்கிட்டா."

மனைவி துணியை மடியில் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். அவள் கோபம் இப்போது திசை திரும்பியிருந்தது. "அறுத்த இடத்துல மறுபடி இழுத்து, துடிச்சாரே மனுஷன். ஒரு தாளை ஒழுங்கா அடிக்கத் தெரியாதா உங்களுக்கு? அடிச்சதை ஒரு தடவை பார்த்துட்டுக் குடுக்கத் தெரியாதா?"

"பார்த்திருக்கணும். பார்க்கலை" என்றாள் நடை டீச்சர்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதை எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். "இவரு முதலாளி காலையில போன் பண்ணாரு. டாக்டர் பேச்சைக் கேக்காம இடுப்பை முறிச்சுக்கிட்டவனுக்கு வண்டி காத்திருக்காது, வேற ஆளைப் போட்டுக்கறேன்னுட்டாரு. இவரு மேல தப்பு இல்லைன்னு ஆஸ்பத்திரி எழுதிக் குடுத்தா நான் கொண்டுபோய்க் காட்டுவேன்."

நடை டீச்சர் செவிலியர் மேஜையில் உட்கார்ந்து கையால் எழுதினாள். ஆஸ்பத்திரி கொடுத்த வழிகாட்டித் தாளில் அச்சுப் பிழை இருந்தது, நோயாளி அந்தத் தாளின்படியே நடந்துகொண்டார், கவனக்குறைவு அவருடையது அல்ல. மூன்று வரிதான். கீழே தன் கையெழுத்தைப் போட்டு, தப்பான தாளையும் பின்னால் குத்தி, பெரிய டாக்டரின் மேஜையில் வைத்தாள்.

அவர் படித்தார். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடி படித்தார். "சொல்லிட்டியா அவன்கிட்ட?"

"சொல்லிட்டேன் சார்."

"உனக்கு மெமோ வரும். தெரியுமில்ல?"

"வரட்டும் சார்."

டாக்டர் பேனாவைத் திறந்தார். 'நோயாளி' என்றிருந்த இடத்தில் டிரைவரின் முழுப் பெயரை எழுதினார். 'கவனக்குறைவு அவருடையது அல்ல' என்பதற்குப் பிறகு 'எங்களுடையது' என்று ஒரு வார்த்தை சேர்த்தார். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி, ஈரம் காய ஊதி, அவளிடம் நீட்டினார்.

டிரைவரின் மனைவி அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். நன்றி சொல்லவில்லை. முந்தானையில் துடைத்த கையால் அதைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, "இவருக்கு நாலு மணிக்குத் தண்ணி குடுக்கணும், பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, முதலாளி வீட்டுக்குப் போக வேகமாகப் படியிறங்கினாள்.